பேர் கேட்டவள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று. வளர்த்தது நூற்றுப் பதினெட்டு. இரண்டு கணக்கிலும் தப்பு இல்லை. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குள் இருந்த பிள்ளைக் காப்பகத்தில் பத்தொன்பது வருசம் ஆயா வேலை பார்த்தேன். தாய்மார்கள் மிஷின் முன்னால் நின்ற நேரமெல்லாம் அவர்கள் பிள்ளைகள் என் இடுப்பில் இருந்தன. நூற்றுப் பதினெட்டையும் இன்றைக்கும் பேர் பேராகச் சொல்வேன். சந்தேகம் இருப்பவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

படிப்பு மூன்றாவதோடு நின்றது. என் பேரை எழுதுவேன், யாராவது எழுதினால் படிப்பேன், பஸ்ஸில் ஊர்ப் பலகை படிப்பேன். அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவளுடைய காலேஜில் மலர் போடுகிறார்களாம். வீட்டுப் பெரியவர்களிடம், அவர்களால் மறக்க முடியாத ஒரு ஆளைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொன்னார்களாம். தாத்தாவைப் பற்றித்தான் சொல்வேன் என்று நினைத்து நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவரைப் பற்றி என்ன இருக்கிறது? நல்ல மனுசன், போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சொல்லப்போவது எங்கள் மாடியில் ஏழு வருசம் குடியிருந்தவளைப் பற்றி.

அவள் பேரை இதில் போடவில்லை. காரணம் பிறகு வரும். பேரைப் போடாமல் அவளைப் பற்றிப் பேசுவது எவ்வளவு பெரிய தப்பு என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தெற்கத்திப் பெண். நல்ல உயரம், நல்ல கறுப்பு. முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பாள். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலை. காலையில் ஆறரைக்குப் படியிறங்கினால் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டிப் போகும் ஏதாவது ஒரு பஸ். உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு இன்னொரு கையில் புத்தகம் படித்தபடி போவாள் என்று கண்டக்டர்களே சொல்வார்கள். முதலில் நான் “டீச்சரம்மா, நீங்க” என்றுதான் கூப்பிட்டேன். அப்புறம் அது “கண்ணு, நீ” ஆயிற்று. அவள் என்னை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் “அம்மா” என்றாள்.

அவளிடம் ஒரு பழக்கம். யார் என்ன சொன்னாலும், “யாரு சொன்னது?” என்று கேட்பாள். போலீஸ்காரன் கேட்கிற மாதிரி இல்லை. ஊசியில் நூல் கோக்கிறவள் காதைத் தேடுகிற மாதிரி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பொறுமையாக. பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். கீரைக்காரி நல்லதாக ஒரு பேச்சுச் சொன்னால் நிறுத்துவாள். “இது நீங்களே சொல்லுததா, யாராச்சும் சொல்லிக் கேட்டதா?” கீரைக்காரி முழிப்பாள். “நானேதாங்க சொன்னேன்.” “அப்ப உங்க பேரு?” எழுதிக்கொள்வாள். ஒரு வாக்கியம், அதன் பக்கத்தில் ஒரு பேர். அந்த நோட்டு முழுக்க இப்படித்தான்.

எதிர்வீட்டுச் சரோஜாவுக்கு வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், கோபம் வந்தால் கன்னடம். ஒருநாள் வாசலில் நின்று என்னிடம் தமிழில் ரகசியம் சொன்னாள். “எல்லாரும் பேசிக்கறாங்கக்கா, உங்க மாடிவூட்டு அம்மா புருசன வுட்டுட்டு வந்தவங்களாம்.”

அந்நேரம் பார்த்து இவள் படியிறங்கி வந்தாள். காதில் விழுந்துவிட்டது. கோபப்படவில்லை.

“எல்லாரும்னா யாருக்கா? ஒரு மூணு பேரு சொல்லுங்க. நானே போயி வெவரம் சொல்லிட்டு வந்துருதேன். பாவம், அவுக தப்பாப் பேசிக்கிட்டிருக்கக் கூடாதுல்ல.”

“அய்யோ, தெருவுல பேசிக்கறாங்கம்மா…”

“தெருவுல யாரு?”

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் கோலத்தைப் பார்த்தேன். “நாந்தாம்மா. நானே நெனச்சுக்கினேன்.”

“அப்ப சரி. நான் கல்யாணமே பண்ணிக்கிடலக்கா. இனிமே எல்லாருக்கும் நீங்களே சொல்லிருங்க.”

அன்றைக்கு அப்புறம் எங்கள் தெருவில் ‘எல்லாரும் சொல்றாங்க’ என்ற பேச்சு குறைந்துபோயிற்று. அவள் பஸ் ஏறின பிறகுதான் பேசினார்கள்.

அவள் என்ன பாடம் நடத்துகிறாள் என்று தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. வீட்டு புரோக்கர் ‘தத்துவம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தத்துவம் என்றால் சாமியார் சமாச்சாரம் என்று நினைத்து இரண்டு பேர் பெண்ணின் ஜாதகத்தோடு மாடி ஏறினார்கள். “கட்டம் பாக்கத் தெரியாதுங்க. எதுக்குக் கல்யாணம்னு வேணா நாம சேந்து யோசிக்கலாம்” என்றாளாம். அவர்கள் போன வேகத்தில் ஒருவருடைய செருப்பு மாடியிலேயே தங்கிவிட்டது.

எனக்கு அவள் விளக்கமாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ராகி புடைத்துக்கொண்டிருந்தேன்.

“பெரிய பெரிய ஆளுக, உண்மைன்னா என்ன, நல்லதுன்னா என்ன, மனுசன்னா யாருன்னு யோசிச்சு எழுதி வச்சிருக்காங்கம்மா. அவுக யோசிக்கையில சோறாக்குனது யாரு? துணி தொவச்சது யாரு? அவுக புள்ளைய வளத்தது யாரு? அமெரிக்காவுல அது கறுப்புப் பொம்பளைங்க. அடிமையாப் பிடிச்சுக் கொண்டுபோனாங்களே, அந்த சனத்தோட பொம்பளைங்க. அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு அவுகளும்தான் யோசிச்சாங்க. அதை ஒருத்தரும் தத்துவம்னு சொல்லல. அவுக பேத்திக படிச்சு வந்து, எங்க பாட்டிக யோசிச்சதும் தத்துவம்தான்னு எழுதுனாங்க. நான் அதைத்தான் படிச்சேன். அதைத்தான் சொல்லிக்குடுக்கேன்.”

“கறுப்புப் பொம்பளைங்கன்னா நம்மள மாதிரியா கண்ணு?”

“நிறம் நம்ம மாதிரிதான். அவுகளுக்கு நடந்தது வேற, நமக்கு நடந்தது வேற. அதை மறந்துட்டு ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிரக் கூடாது. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.”

அவளுடைய துறையில் இருந்த பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. இது தத்துவம் இல்லை, வேறு துறைக்குப் போ என்று வருசா வருசம் சொல்வார்களாம். மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் அவளுக்குக் கிடைத்தது. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போகிற நேரத்தில்தான் அவள் வகுப்பு. இருந்தும் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள் என்றாள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

“அதென்ன கண்ணு, தொட்டதுக்கெல்லாம் பேரு பேருன்னு கேக்கற?” என்று அன்றைக்குக் கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அமெரிக்காவில் அவள் படித்த இடத்தில் தினமும் தரை துடைக்க ஒரு கறுப்பு அம்மா வருவாளாம். வயதானவள். ஒருநாள், என்ன படிக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். இவள் சொன்னதும் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு, “நாங்க பேசுறதைப் படிக்கவா நீ கடல் தாண்டி வந்தே? என்கிட்ட ஒரு நாளும் நீ பேசுனதில்லையே” என்றாளாம். அந்தப் பேச்சு இவளைப் போட்டு உலுக்கிவிட்டது. அதை வைத்துக் கட்டுரை எழுதி, ‘ஒரு துப்புரவுப் பணியாளர் சொன்னார்’ என்று போட்டிருக்கிறாள். இவளுக்குப் பாடம் சொன்ன வாத்தியாரம்மாவும் கறுப்பினத்துக்காரி. அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ‘இவளுக்குப் பேர் இல்லையா?’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இவள் ஓடிப்போய்த் தேடினால் அந்த அம்மா வேலையை விட்டுப் போயிருந்தாள். ஆபீசில் கேட்டால், காண்டிராக்ட் ஆள், எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

“மூணு மாசம் தேடினேம்மா. கெடைக்கல. தெனமும் என் காலைத் தூக்கச் சொல்லி தரை தொடச்சவங்க. நான் பேரு கேக்கல.”

பிறகு முறத்தை என் கையிலிருந்து வாங்கி ராகி புடைத்தாள். அவளுக்குப் புடைக்க வராது. பாதி கீழே போயிற்று. நான் கீழே போனதைக் கூட்டி அள்ளினேன்.

என் பேர் அவள் நோட்டில் ஏறிய கதை இது. எங்கள் சமையல்கட்டில் அவள் முதல்முதலாகச் சாப்பிட்ட நாள். களியும் கீரைக்குழம்பும். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும். தெற்கத்திக்காரிக்கு அது தெரியவில்லை. வாயில் போட்டு மென்று மென்று, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகள் சிரித்துச் சிரித்து விக்கினாள். இடப்பக்கம் உட்கார்ந்து அவள் தண்ணீர் கேட்டது என் மகளுக்குக் காதில் விழவில்லை. அவள் என்னைப் பார்த்து, “அக்காவுக்கு எடது காது கேக்காதாம்மா?” என்றாள்.

நான் சொன்னேன். காப்பகத்தில் சேர்ந்த முதல் வருசம். என் மகளுக்கு ஒன்பது வயது. காதில் சீழ் வைத்து நெருப்பாகக் காய்கிறது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லீவு கேட்டேன். மேனேஜர் தங்கமான மனுசன். “நீங்க இந்தப் புள்ளைங்களுக்கு அம்மா மாதிரி. நீங்க இல்லன்னா இதுங்க கதி என்னாகும்?” என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குப் பால் கரைத்தேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது இவளுக்கு அந்தக் காது போய்விட்டிருந்தது. அப்புறமும் பதினெட்டு வருசம் அங்கேதான் இருந்தேன். பிள்ளைகள் மேல் பாசமும் குறையவில்லை. அது வேறு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “அம்மா மாதிரி அம்மா மாதிரின்னு அவங்க சொன்னப்பல்லாம் எனக்கு லீவு கெடைக்கல கண்ணு” என்றேன்.

அவள் கையிலிருந்த களியைத் தட்டில் வைத்தாள். “இன்னொருக்கா சொல்லுங்கம்மா.” சொன்னேன். எச்சில் கையோடு எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்து, நோட்டை எடுத்தாள். “இது நீங்க சொல்லுததா, யாராச்சும்…”

“நாந்தான் சொல்றேன். பொறவு எவ சொல்லுவா? காது போனது எம்பொண்ணுக்கு.”

எழுதினாள். பக்கத்தில் மாதம்மாள் என்று போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக நான் படித்தேன்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லதுதான். கேட்பவர்கள், என்ன தாராளமான அம்மா, குடியிருக்க வந்தவளை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறாளே என்பார்கள். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அவள் விடமாட்டாள்.

நாங்கள் சூளகிரிப் பக்கம் நிலம் நீச்சோடு இருந்த குடும்பம். ரோடு வந்து பாதி நிலம் போய், மீதியை விற்று ஓசூரில் இந்த வீட்டைக் கட்டினோம். நிலம் போனாலும் நிலத்தோடு வந்ததெல்லாம் போய்விடவில்லை. அவள் வீடு பார்க்க வந்த அன்றைக்கு நான் கேட்டேன், “கொலதெய்வம் எதுங்க?” எங்கள் பக்கம் யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். எந்த ஊர் என்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்பார்கள், குலதெய்வம் எது என்பார்கள். தெய்வத்தின் பேரை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வார்கள்.

அவள் சிரித்தாள். “நீங்க கேக்க வந்தது சாமி இல்லையேம்மா. நான் காலனிப் பொண்ணுதான். வீடு தருவீங்களா?”

நேரே கேட்டதும் எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, நான் எவ்வளவு பெரிய மனசுக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வருசக் கோடையில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கீழே எங்கள் சமையல்கட்டுக் குழாயில் மட்டும்தான் வந்தது. நான் குடத்தில் பிடித்து, நான்கு படி ஏறி, அங்கே வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். ஒரு வாரம் இப்படி. எட்டாம் நாள் அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“உங்களுக்கு முட்டி வலிக்கும்லா. நானே கீழ வந்து பிடிச்சிக்கிடுதேம்மா.”

“வேணாங்க டீச்சரம்மா. ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க.”

“யாரு ஒத்துக்கிட மாட்டாங்க?”

நான் குடத்தின் வாயைத் துடைத்தேன்.

“அய்யா தவறிட்டாங்க. மகன்மார் ரெண்டு பேரும் வெளியூரு. மாப்பிள்ளை அண்ணன் லாரியில போயிப் பத்து நாளாச்சு. அக்காவா?”

என் மகள் கதவடியில் இருந்தாள். “எனக்கு ஒண்ணுமில்ல. வரட்டுமே” என்றாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பேத்தி, அப்போது ஐந்து வயது, அதுவும் “எனக்கும் ஒண்ணுமில்ல” என்றது.

தெருவில் யாரோ குடம் வைக்கிற சத்தம் கேட்டது.

“நாந்தான்” என்றேன்.

“சரிம்மா” என்றாள். “இப்பத் தெரிஞ்சுது.” குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மறுநாளிலிருந்து கடையில் தண்ணீர்க் கேன் வாங்கி மாடிக்குத் தூக்கினாள். என்னைக் கண்டால் முன்போலவே பேசினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எத்தனை தெருச் சண்டை பார்த்தவள் நான். காப்பகத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் நூற்றுப் பதினெட்டுக்கும் மலம் கழுவின கை இது. அந்தக் கை வீட்டுக் குழாய்க்கு வந்ததும் ஏன் அப்படி ஆயிற்று? பத்தொன்பது நாள் கழித்து மாடி ஏறினேன். முட்டி வலித்தது.

“கீழ வந்து தண்ணி புடிச்சுக்கோ.”

“யாரு கூப்புடுதது?”

“நாந்தான் கூப்படறேன். வா கண்ணு.”

அன்றைக்குத்தான் களி.

மூன்று வருசம் போன பிறகு என்னைப் பெங்களூருக்கு வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போனாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பெரிய மரங்கள், கல்கட்டடம். பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ். கரும்பலகையில் இங்கிலீஷில் என்னவோ நீளமாக எழுதினாள். அடியில் தமிழில் ‘மாதம்மாள்’ என்று எழுதினாள். அந்தப் பலகையில் எனக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். அது போதுமாக இருந்தது. ஒரு கன்னடத்துப் பெண் எழுந்து ஏதோ கேட்டாள். “இது உங்களுக்கு அப்பவே தெரியுமா, பொறவு யோசிச்சுத் தெரிஞ்சுதான்னு கேக்காம்மா” என்றாள் இவள்.

“லீவு இல்லன்னப்பவே தெரியும். தெரிஞ்சு என்னா பண்றது? பால் ஆறிப்போவுமே” என்றேன்.

அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து எழுதினார்கள்.

அவள் புத்தகம் எழுதினாள். அமெரிக்கப் பெண்கள் சொன்னதும் நான் சொன்னதும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் சொல்லுக்கு மேலே என் பேர். ஒரு வருசம் கழித்து ஒரு சாயங்காலம் கையில் ஒரு காகிதத்தோடு வந்து சமையல்கட்டில் உட்கார்ந்தாள்.

“புத்தகத்தை மூணு பெரியவங்க படிச்சாங்கம்மா. ரெண்டு பேரு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர், உங்க பேரைப் பெரிய பெரிய யோசனைக்காரங்க வரிசையில வைக்கக் கூடாதுங்காரு. பேரை எடுத்துட்டு, ‘ஒரு காப்பகப் பணியாளர்’னு போட்டு, கீழ சின்ன எழுத்துல சேத்துக் குடுக்கச் சொல்லுதாரு. இது உங்க பேரு. நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. எடுக்கட்டுமா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “எடுக்கக் கூடாது” என்றேன். “பத்தொம்பது வருசம் கம்பெனி நோட்டுல ஆயா ஆயான்னுதான் போட்டாங்க. ஒரு எடத்துலயும் எம்பேரு இல்ல. நீ ஒருத்திதான் போட்டிருக்கற. எடுத்தீன்னா நீயும் அவங்களும் ஒண்ணு.”

“சரிம்மா” என்றாள். டீயைக் குடித்தாள். வேண்டாம் என்று சொல்லியும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மாதம் கழித்து வீட்டைக் காலி செய்தாள். வடக்கே ஏதோ ஊரில் வேறு வேலை என்றாள். நல்ல வேலையா என்றேன். வேலைதான் என்றாள். சாமான் கட்ட அவளிடம் படித்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். புத்தகங்களைக் கோணியில் கட்டிக்கொண்டே அவள்தான் என்னிடம் வாய்விட்டாள்.

“நீங்கதானா மாதம்மாள்? புத்தகத்தைப் படிச்ச மூணு பேரும் சரின்னாத்தான் பதவி உயர்வு. உங்க பேரை எடுத்திருந்தா மேடத்துக்குப் புரொபசர் ஆயிருக்கும்மா. எடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதோட அங்க இருக்கவும் முடியல. இப்பப் போறது வருசா வருசம் புதுப்பிக்கற வேலை.”

நான் மாடி ஏறினேன். அவள் வெறும் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “சொல்லியிருந்தா எடுக்கச் சொல்லியிருப்பீங்க. அது உங்க பதிலா இருந்திருக்காது. என் வேலைக்குப் பயந்த பதிலா இருந்திருக்கும்.”

“அத நாந்தான சொல்லணும்? நீயே முடிவு பண்ணிக்கிட்டியா?”

அவளிடம் யார் என்று கேட்டு அவள் பதில் சொல்லாமல் நின்றதை ஏழு வருசத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு, “ஆமாம்மா. நான்தான்” என்றாள்.

நான் அவள் கன்னத்தில் ஒரு அடி வைத்தேன். வலிக்கிற அடி இல்லை. பிறகு இரண்டு பேரும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

தெரிந்திருந்தால் எடு என்று சொல்லியிருப்பேனா? அவள் சொல்லியிருப்பேன் என்றாள். எனக்கு நிச்சயம் இல்லை. நான் கர்வம் பிடித்தவள். என் பேர் அந்தப் புத்தகத்தில் இருப்பதை நினைத்தால் இன்றைக்கும் முதுகு நிமிர்கிறது. நிமிர்ந்த அடுத்த நிமிசம் அவள் கோணி கட்டியது ஞாபகம் வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் வரும். அவள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. எல்லோரையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டவள், என்னை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் விட்டுவிட்டாள்.

போன வாரம் பேத்தியை போன் போடச் சொன்னேன். காலேஜ் மலரில் உன்னைப் பற்றிச் சொல்லப் போகிறேன், உன் பேரைப் போடட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் கேட்டது.

“வேண்டாம்மா. தண்ணிக் கதையையும் சொல்லுவீங்கல்ல?”

“சொல்லாமப் பொறவு?”

“சொல்லணும். அதனாலதான் பேரு வேண்டாங்கேன். போன மாசம்தான் இங்க வீடு கெடச்சுது. அஞ்சு வீட்டுல கேட்டாங்க, சொன்னேன். கதவைச் சாத்துனாங்க. ஆறாவது வீட்டுல கேக்கல. நானும் சொல்லல. இப்பல்லாம் போன்ல பேரைத் தட்டிப் பாத்தா எல்லாம் வந்துருது.” நிறுத்தினாள். “கேக்காம இருந்தா நானும் சொல்லாம இருக்கப் பழகிட்டேம்மா.”

“இங்க வந்துரு. மாடி காலியாத்தான் இருக்குது” என்றேன். சிரித்தாள். பெங்களூரில் அவளுக்கு வேலை ஏது?

“உங்க பேரைப் போடுங்க. நடந்ததைச் சொல்லுங்க. யாரு என்ன செஞ்சாங்கன்னு இருந்தாப் போதும்” என்றாள்.

அதனால்தான் அவள் பேர் இதில் இல்லை. என் பேர் இருக்கிறது. சூளகிரி மாதம்மாள், ஓசூர்.

சொல்லி முடித்ததும் பேத்தியை முழுவதும் படித்துக் காட்டச் சொன்னேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கீரைக்காரி சரி, சரோஜா சரி. தண்ணீர்க் குடத்து இடம் வந்ததும் குரல் வேகமாயிற்று. ‘மாடியில் இருந்தவர் கீழே வந்து தண்ணீர் பிடிப்பதற்கு அப்போது வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

“நில்லு. நான் சொன்னது அப்படியில்லையே.”

“காலேஜ்ல எல்லாரும் படிப்பாங்க அம்மாயி. என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் இருக்காங்க. உங்களப் பத்தி என்ன நெனப்பாங்க? இப்படியே இருக்கட்டுமே, ப்ளீஸ்.”

“யாரு ஒத்துக்கல?”

அவள் நோட்டைப் பார்த்தாள். அன்றைக்கு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றவள்தானே. அவளுக்குத் தெரியும்.

“நீங்கதான்” என்றாள்.

“அப்ப அத எழுது. எழுதிட்டு, அந்த எடத்துல இருந்து மறுபடி படி.”